வேனுக்குள்ள ஒரு சின்ன வீடு: ₹41,000-ல கத்துக்கிட்டது, ₹19,300-ல செஞ்சது



பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரைக்காரங்க வீட்டுல ஒரு கணக்கு ஓடும். ராமேஸ்வரமா, திருச்செந்தூரா, கொடைக்கானலா? ரூம் வாடகை எவ்வளவு? சீசன்ல டபுளாச்சே? அப்புறம் வாசல்ல நிக்கிற ஆம்னியையோ ஈகோவையோ பார்த்துட்டு யாராவது ஒருத்தர் கேட்பாங்க: "இதுக்குள்ளேயே ஒரு படுக்கையைப் போட்டுட்டா ரூம் காசு மிச்சம்தானே?"

மிச்சம்தான். ஆனா எப்படிப் போடுறீங்கங்கிறதுல இருக்கு விஷயம். சரியா செஞ்சா சின்ன செலவுல நல்ல வசதி. தப்பா செஞ்சா ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், சில நேரம் உயிர் வரைக்கும் பிரச்சனை வரும். நான் ரெண்டு முறையிலயும் செஞ்சு பார்த்தவன். அதனால தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல என்னோட தப்புக் கணக்கு

எங்க வீட்டுல இருக்கிறது 5 சீட் செகண்ட் ஹேண்ட் வேன். வாங்கின புதுசுல ஆர்வம் தாங்கல. பின் சீட்டை மொத்தமா கழட்டிட்டேன். ஆசாரியை வெச்சு 18 எம்.எம். பிளைவுட்ல கட்டில், அதுக்குக் கீழே டிராயர், பக்கத்துல ஒரு அலமாரி. ஆடாம இருக்கணும்னு வண்டித் தரையில துளை போட்டு போல்ட்டும் அடிச்சாச்சு. மொத்தம் ₹41,000. பார்க்கிறதுக்கு பிரமாதமா இருந்துச்சு.

அதுக்கடுத்த வருஷம் ஆடிட் சீசன் பரபரப்புல வண்டி இன்சூரன்ஸ் தேதியைத் தவற விட்டுட்டேன். (ஆமா, ஆடிட்டர்தான். சிரிச்சுக்கோங்க.) பாலிசி காலாவதியாயிட்டா வண்டியை நேர்ல பார்த்துட்டுத்தான் புதுசு கொடுப்பாங்க. பார்க்க வந்தவர் பின் கதவைத் திறந்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். "சார், ஆர்.சி.ல 5 சீட்டுன்னு இருக்கு. இங்க 2 சீட்டுதானே இருக்கு?"

அந்த ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. கட்டிலைப் பிரிச்சு எடுத்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சது. போல்ட் போட்ட துளை வழியா மழைத்தண்ணி ஏறி, தரை விரிப்புக்குக் கீழே துரு பிடிக்க ஆரம்பிச்சிருந்தது. சீட்டைத் திரும்ப மாட்டி, துளையை அடைச்சதுக்கு தனிச் செலவு.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா, ஆர்.சி.ல இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. "மாற்றம்"னா என்னன்னும் அதே பிரிவுல விளக்கம் இருக்கு: வண்டியோட அடிப்படை அம்சமே மாறுற மாதிரி அதன் கட்டமைப்பை மாத்துறது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், கேரளாவுல இருந்து போன ஜெயச்சந்திரா வழக்குல, கம்பெனி ஸ்பெசிபிகேஷனுக்கு முரணான மாற்றத்தை ஆர்.டி.ஓ. பதிவு செய்ய முடியாதுன்னு உறுதியா சொல்லிடுச்சு.

அதே வருஷம் சட்டத்திருத்தத்துல பிரிவு 182ஏ வந்தது. அனுமதியில்லாம வண்டியை மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்"ங்கிற வார்த்தையை கவனிங்க. சீட்டு ஒண்ணு, கூரையில வெட்டுன ஜன்னல் ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணலாம்.

அப்போ இந்தியாவுல கேரவனே வெச்சுக்க முடியாதா? முடியும். அதுக்குன்னே ஏ.ஐ.எஸ். 124-னு ஒரு தரநிலை இருக்கு. அதன்படி ஒப்புதல் வாங்கின கம்பெனியில கட்டி, ஆர்.சி.யிலேயே அப்படிப் பதிவு பண்ணணும். அது லட்சக்கணக்குல போற செலவு. நாம பேசுறது வருஷத்துக்கு நாலஞ்சு ராத்திரி வெளியே தங்குற குடும்பத்தைப் பத்தி.

ஒரே ஒரு விதி

அந்த ₹41,000-க்கு நான் கத்துக்கிட்ட பாடம் இதுதான்: ஊருக்குப் போய்ட்டு வந்ததும் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எதுவும் இல்லாம பத்து நிமிஷத்துல வெளியே எடுக்க முடியணும். எடுத்தபிறகு வண்டி ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கணும். அப்படி இருந்தா அது நீங்க ஏத்திட்டுப் போற சாமான். வெட்டினது, துளைச்சது, வெல்டு வெச்சது, வண்டியோட ஒயர்ல கை வெச்சது எல்லாம் மாற்றம்னு கேள்வி வரக்கூடிய இடம்.

இனிமே சொல்லப்போற எல்லாத்தையும் இந்த ஒரு விதியில வெச்சுத்தான் செஞ்சேன்.

படுக்கையும் சாமான் வைக்கிற இடமும்

பின் சீட்டு அப்படியே இருக்கு. அதோட சாய்மானத்தை மடக்குனா வர்ற உயரத்தை அளந்துக்கிட்டேன். அதே உயரத்துக்கு, சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற லக்கேஜ் இடத்துல பக்கத்துல பக்கத்துல ரெண்டு பெட்டி. பெட்டிக்கு அடிப்பலகை கிடையாது. பின் கதவுப் பக்கமும் திறந்தேதான் இருக்கும். மேல்பலகையில கீல் வெச்சு இன்னொரு பலகை. வண்டி ஓடும்போது அது பெட்டி மேலேயே மடிஞ்சு கிடக்கும். நிறுத்தினதும் சீட்டை மடக்கி, அந்தப் பலகையை முன்பக்கமா விரிச்சா படுக்கை ரெடி. முன் சீட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல வர்ற பள்ளத்துல துணிப்பையை அடைச்சுடுவோம். ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம்.

அளவுல ஒரு விஷயம். பெட்டியோட உட்புற உயரம் பிளாஸ்டிக் கிரேட்டை விட ஒரு இஞ்ச் அதிகமா இருக்கட்டும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல தக்காளி வர்ற அதே கிரேட்தான். டிராயருக்குப் பதிலா அதை உள்ளே தள்ளிடுங்க. ஒண்ணுல பாத்திரம், ஒண்ணுல துணி. பின் கதவைத் திறந்து இழுத்தா கையோட வந்துடும். வீட்டுக்கு வந்ததும் அப்படியே தூக்கிட்டுப் போய் சமையல்கட்டுல வெச்சுடலாம். ஆசாரி செஞ்ச டிராயர் ரெண்டுக்கு நான் கொடுத்த காசை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

பிளைவுட் 12 எம்.எம். போதும். ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிற தண்ணி தாங்குற ரகமா வாங்குங்க. 8 அடிக்கு 4 அடி பலகை ஒண்ணே எங்களுக்குப் போதுமானதா இருந்தது. கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிட்டா வீட்டுல ஸ்க்ரூ போடுற வேலை மட்டும்தான்.

போல்ட் இல்லாம ஆடாதா? பெட்டி, சீட்டு முதுகுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இடுக்கா உட்காரணும். மீதியை ராட்செட் பெல்ட் போட்டு, கம்பெனி கொடுத்த கொக்கியில இறுக்குங்க. சீட் பெல்ட் மாட்டுற இடத்துல மட்டும் கட்டாதீங்க. கனமான சாமான் எப்பவும் தரையில. சடன் பிரேக் அடிச்சா குக்கர்கூட உங்க பின்மண்டையைத் தேடி வரும்.

மெத்தைக்கு மூணா மடங்குற இலவம்பஞ்சு மெத்தை. போடி பக்கம் விளையிற பஞ்சு நமக்கு சுலபமா கிடைக்குது. நம்ம ஊர் வெக்கைக்கு ஃபோம் மெத்தை முதுகுல வேர்த்து ஒட்டும். பஞ்சு அப்படி இல்லை, வெயில்ல காயப்போட்டா மறுபடி உப்பிடும்.

எடைக்கும் ஒரு பட்ஜெட்

காசுக்கு பட்ஜெட் போடுற நாம எடைக்குப் போடுறதில்லை. ஆர்.சி.ல வண்டியோட வெற்று எடை இருக்கும். மொத்தம் எவ்வளவு ஏத்தலாம்ங்கிற அளவும் வண்டிப் புத்தகத்துல இருக்கும். ரெண்டையும் கழிச்சா வர்றதுதான் ஆளும் சாமானும் சேர்த்து உங்க பட்ஜெட்.

என் கணக்கு இது:

- பெட்டிகள், கீலோட: 23 கிலோ
- மெத்தை: 9 கிலோ
- பேட்டரி, ஃபேன், லைட்: 6 கிலோ
- தண்ணி கேன் 20 லிட்டர்: 20 கிலோ
- அடுப்பு, பாத்திரம், மளிகை: 12 கிலோ
- தீயணைப்பான்: 4 கிலோ

மொத்தம் 74 கிலோ. கூட ஒரு பெரிய ஆளை ஏத்திட்டுப் போற எடை. பழைய 18 எம்.எம். கட்டில் மட்டுமே 80 கிலோவைத் தொட்டிருக்கும். கொடைக்கானல் வளைவுல அந்த வித்தியாசம் பிரேக்குல தெரிஞ்சது.

வெயில், காத்து, கொசு

உண்மையைச் சொல்லிடுறேன். சித்திரைத் திருவிழா சமயத்துல சமவெளியில வேனுக்குள்ள தூங்க ஆசைப்படாதீங்க. பகல் பூரா குடிச்ச சூட்டை கூரை ராத்திரி பூரா கக்கும். கோடையில மேலே ஏறுங்க. 1,000 மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல இருக்கு, கணக்குப் போட்டுக்கோங்க. (2024 மே மாசத்துல இருந்து அங்க போக இ-பாஸ் வேணும், மறந்துடாதீங்க.) ராமேஸ்வரம், திருச்செந்தூர் பக்கமெல்லாம் மார்கழி, தை மாசத்துக்கு வெச்சுக்கோங்க.

வெள்ளிப் பூச்சுள்ள குமிழ் ஷீட்டை கண்ணாடி அளவுக்கு வெட்டி, நிறுத்தினபிறகு மட்டும் உள்ளே சொருகுங்க. வண்டி ஓடும்போது எந்தக் கண்ணாடியையும் மறைக்கக் கூடாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டுற யோசனையும் வேண்டாம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை பண்ணின விஷயம் அது.

காத்துக்கு எதிரெதிர் பக்கத்துல ரெண்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, காந்தப் பட்டை தெச்ச கொசுவலையை வெளிப்பக்கம் ஒட்டிடுங்க. ஒரு ஃபேன் காத்தை உள்ளே இழுக்கட்டும், இன்னொண்ணு வெளியே தள்ளட்டும். மலையில குளிரா இருந்தாலும் ஜன்னலை முழுசா மூடாதீங்க. ரெண்டு பேர் மூச்சு விட்டாலே காலையில கண்ணாடி முழுக்க தண்ணியா வழியும்.

கரண்டுக்கு வண்டியைத் தொடாதீங்க

சின்ன வண்டிகளோட ஸ்டார்ட்டர் பேட்டரி 35 ஏ.ஹெச். அளவுலதான் இருக்கும். ராத்திரி பூரா ஃபேன் ஓட்டினா காலையில ஸ்டார்ட் ஆகாம தள்ளிக்கிட்டு நிக்கணும். தனியா ஒரு லித்தியம் பாஸ்பேட் பேட்டரி வெச்சுக்கோங்க. எவ்வளவு பெருசு வேணும்?

- 12 வாட் ஃபேன் 2, 8 மணி நேரம்: 192 வாட்-ஹவர்
- 5 வாட் லைட், 4 மணி நேரம்: 20
- 2 போன் சார்ஜ்: 30

மொத்தம் 242. 12.8 வோல்ட், 30 ஏ.ஹெச். பேட்டரியில 384 வாட்-ஹவர் இருக்கும். அதுல 80 சதவீதம் எடுத்தாலும் 307. ஒரு ராத்திரிக்குத் தாராளம். "எதுக்கும் இருக்கட்டும்"னு 100 ஏ.ஹெச். வாங்குறது, ரெண்டு பேர் வீட்டுக்கு கல்யாண அண்டா வாங்குற கதை.

பேட்டரியோட பிளஸ் முனையிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். வீட்டுல சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க, வந்ததும் கீழே இறக்கிடுங்க. பூட்டின வண்டியில வெயில்ல விட்டுட்டுப் போகாதீங்க.

அடுப்பு உள்ளே வேண்டவே வேண்டாம்

இதை மட்டும் யாரும் லேசா எடுத்துக்காதீங்க. 2023 ஆகஸ்ட் 26, விடிகாலை. லக்னோவுல இருந்து யாத்திரைக்கு வந்தவங்களோட தனிப் பெட்டி நம்ம மதுரை ரயில் நிலைய யார்டுல நின்னுட்டு இருந்தது. விதிக்கு மாறா உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்ல தீப்பிடிச்சு 9 பேர் இறந்துட்டாங்க. வண்டி ஓடவே இல்லை. நின்ன இடத்துலதான் நடந்தது. ஒரு ரயில் பெட்டியில இருந்தே வெளியேற முடியலைன்னா, கை நீட்டினா ரெண்டு பக்கமும் தட்டுற வேன்ல யோசிச்சுப் பாருங்க.

எல்.பி.ஜி. காத்தை விட கனமானது. கசிஞ்சா மேலே போகாது. நீங்க படுத்திருக்கிற தரையிலேயே தேங்கும். அதனால:

- வீட்டு சிலிண்டரை வண்டியில ஏத்தவே கூடாது.
- சின்ன கேன் அடுப்பா இருந்தாலும் வண்டியை விட்டு பத்தடி தள்ளி, திறந்த வெளியிலதான் பத்த வைக்கணும்.
- அந்த கேன்கள்ல 50 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு எழுதியிருக்கும். வெயில்ல பூட்டி நிறுத்தின வண்டி அந்த அளவைத் தாண்டிடும். வண்டியிலேயே விட்டுட்டு சுத்திப் பார்க்கப் போகாதீங்க.

நாங்க முதல் நாளைக்கு கட்டுச்சோறுதான். புளியோதரை, தயிர்சாதம், ஃபிளாஸ்க்குல வெந்நீர். நம்ம பாட்டிங்க மாட்டு வண்டியில அழகர்கோவில் போனப்போ கண்டுபிடிச்ச டெக்னாலஜி, இன்னும் அதை மிஞ்ச ஆளில்லை.

ஏ.சி. போட்டுட்டு தூங்கலாமா?

கூடாது. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரமா நிறுத்தியிருந்த ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதிச்சப்போ, ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு தரையில இருந்த ஓட்டை வழியா உள்ளே வந்ததுதான் காரணம்னு தெரிஞ்சது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் போட்டேன்னு சொன்னேனே, தரையில போல்ட் துளை? அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தூங்கும்போது எஞ்சினும் ஓடக்கூடாது, ஜெனரேட்டரும் ஓடக்கூடாது. தலைமாட்டுல பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு, கை எட்டுற இடத்துல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட 2 கிலோ தீயணைப்பான் ஒண்ணு. செலவைக் குறைக்கணும்னா மெத்தையில குறைங்க, இதுல குறைக்காதீங்க.

இன்சூரன்ஸ், வாடகை, வரி

நிரந்தரமா ஏதாவது மின்சாதனம் பொருத்தினா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பாலிசியில சேர்த்துக்கோங்க. மோட்டார் டேரிஃப் கணக்குப்படி பொருளோட மதிப்புல 4 சதவீதம் பிரீமியம். ₹10,000 பொருளுக்கு ₹400, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா ₹472. சொல்லாம விட்டா அந்தப் பொருளுக்கு க்ளெய்ம் கிடைக்காது. விபத்துக்கே அதுதான் காரணம்னு ஆயிட்டா மொத்த க்ளெய்முக்கும் சிக்கல்.

"ஃப்ரெண்டு டீசல் காசோட ஒரு ஆயிரம் சேர்த்துக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போறான்"னா, சொந்த உபயோகத்துக்குன்னு பாலிசி எடுத்த வண்டியை வாடகைக்கு விடுறதா ஆயிடும். 2010-ல அமலேந்து சாஹு வழக்குல, இப்படி நடந்திருந்தாலும் க்ளெய்மை முழுசா மறுக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா முழுத்தொகை கிடைக்காது, அதுக்கும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு அது தேவையா?

"பிசினஸ் பேர்ல வாங்கி ஜி.எஸ்.டி. திரும்ப எடுத்துக்கலாமா சார்?" டிரைவரோட சேர்த்து 13 பேர் வரைக்கும் உட்காரும் வண்டிக்கு, சில குறிப்பிட்ட தொழில் தவிர, எடுக்க முடியாது. வருமான வரியில தேய்மானம் கேட்டாலும் குடும்பத்துக்கு ஓட்டின பங்கைக் கழிச்சுத்தான் வரும்.

கடைசியில லாபமா, நஷ்டமா?

எனக்கு ஆன செலவு:

- பிளைவுட்: ₹2,900
- அறுப்புக் கூலி, கீல், பெல்ட், கிரேட்: ₹1,100
- மெத்தை: ₹2,400
- கொசுவலை: ₹600
- வெயில் ஷீட்: ₹500
- ஃபேன் 2: ₹1,300
- பேட்டரி, சார்ஜர்: ₹7,800
- தீயணைப்பான்: ₹1,200
- கார்பன் மோனாக்சைடு அலாரம்: ₹1,500

மொத்தம் ₹19,300. ஒரு ராத்திரி ரூம் வாடகை ₹1,500-னு வெச்சா, 13 ராத்திரி தூங்கினா போட்ட காசு திரும்பிடும். வருஷத்துக்கு 5 ராத்திரின்னா மூணாவது வருஷத்துல கணக்கு நேராயிடும். என் பழைய ₹41,000-க்கு 28 ராத்திரி தூங்கியிருக்கணும். தூங்கினது ஆறு.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு ராத்திரிதான் போவீங்கன்னா ரூம் எடுங்க. கூச்சமே வேண்டாம், அதுதான் சிக்கனம். வண்டி ஏற்கெனவே இருக்கு, அடிக்கடி கிளம்புற குடும்பம்னா இதைச் செய்யுங்க. இதுக்காகவே ஒரு வண்டி வாங்குறதா இருந்தா, இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

முதல்ல மெத்தையும் கொசுவலையும் மட்டும் வாங்கி, வண்டியை உங்க வீட்டு வாசல்லேயே நிறுத்தி ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்க. ₹3,000 செலவு. காலையில எந்திரிச்சதும் வீட்டுல எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தா பிளைவுட் கடைக்குப் போங்க. முறைச்சாங்கன்னா மீதி ₹16,300-ஐ ஆர்.டி.யில போடுங்க.

பெட்டி எப்படி விரியுதுன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன், பார்த்துடுங்க.

(இது பொதுவான தகவலுக்காக எழுதினது. உங்க வண்டி, பாலிசி விவரத்துக்கு உங்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துலயும் இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் எழுத்துல கேட்டுக்கோங்க.)